வீட்டிற்கு வருவோர் காண்பது எது?



தஞ்சாவூர் அரண்மனைக்குச் சென்றவர்கள், அங்குள்ள கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைக் கண்டு வியந்திருப்பீர்கள். அதே கலைக்கூடத்தில் மன்னர் இரண்டாம் சரபோஜி வெண்பளிங்குச் சிலையாகத் தனித்து நிற்கிறார். 

அதே மன்னரை ஆங்கிலேயச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மேன் வடித்த பளிங்குச் சிற்பம், சிவகங்கைத் தோட்டத்தின் அருகே 1779இல் எழுந்த சுவார்ட்ஸ் ஆலயத்தில் இருக்கிறது. 1798 பிப்ரவரியில் மரணப்படுக்கையில் கிடந்த சுவார்ட்ஸ் ஐயரின் கையைச் சரபோஜி பற்றியிருக்கும் காட்சி அது. இளமையில் தமக்கு அரணாக நின்றவருக்கு நன்றிக்கடனாக மன்னரே அதைச் செய்வித்தார். அவர் நம் மார்க்கத்தைத் தழுவியவரல்லர். ஆயினும் நன்றி மறவாதவர்.

அரண்மனைச் சிலை மன்னரின் பெருமையைச் சொல்கிறது. ஆலயச் சிற்பம் அவருடைய இருதயத்தைக் காட்டுகிறது. இரண்டில் பின்னதே மேலானது என்பேன்.

ராஜாவாகிய எசேக்கியா, பாபிலோனிலிருந்து வந்தவர்களுக்குத் தன் பொக்கிஷசாலை முழுவதையும் திறந்து காட்டினான். அவர்கள் அவன் வீட்டில் எதைக் கண்டார்கள் என்று ஏசாயா தீர்க்கதரிசி வினவினார் (ஏசாயா 39). அவ்வினா நமக்கும் உரியது.

அழகிய பொருள்களைச் சேர்ப்பது பாவமன்று. பெசலெயேலுக்குக் கைவேலையின் ஞானத்தை அருளியவர் கர்த்தரே. சரபோஜியும் நூல்களையும் ஓவியங்களையும் ஆவலோடு சேர்த்தவர்தாம். ஆயினும் கண் நோயாளிகளின் விவரங்களைப் படங்களோடு பதிந்துவைத்த அவர் காலத்து ஏடுகளும் சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ளன. பிறர் துயர் தீர உதவிய செல்வமே செல்வம்.

அறுவடைப் பணத்திலும் அயல்நாட்டுச் சம்பாத்தியத்திலும் நம் குடவாசல் பகுதியில் புதுவீடுகள் எழுகின்றன. கூடத்துக் கண்ணாடி அலமாரியில் பீங்கான் பாத்திரங்களும் பரிசுக் கோப்பைகளும் ஒளிர்கின்றன. அவற்றை நாள்தோறும் துடைக்கிறோம். பின்கட்டில் படுத்த படுக்கையாயிருக்கும் தாயின் கையை நாள்தோறும் பற்றுகிறோமா? அவள் இருப்பதை விருந்தினர் அறியாதபடி கதவைச் சாத்திவைக்கும் வீட்டில், அலமாரி எவ்வளவு ஒளிர்ந்தாலும் இருள்தான் குடியிருக்கும்.

பிரியமானவர்களே, இவ்வாரம் அந்தக் கதவைத் திறந்துவையுங்கள். வருகிறவர்கள் முதலில் அவளைக் கண்டு வாழ்த்துப் பெறட்டும். அலமாரியைப் பிறகு பார்க்கலாம்.

கர்த்தர் தாமே உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.