பச்சை அட்டைப் புஸ்தகம்

மீமிசலின் உப்புக்காற்று இரும்பை மட்டுமா தின்கிறது? புஸ்தகங்களையும் விடுவதில்லை. சென்ற விடுமுறையில் நம் பள்ளி அலமாரியை ஒழுங்கு செய்தபோது, சீமையில் அச்சான பழைய செய்யுள் தொகுதி ஒன்று அகப்பட்டது. அட்டையில் பளீரென்ற பச்சைத் துணி. அந்தப் பச்சை விரலில் பொடியாய் ஒட்டிற்று. உடனிருந்த மாணவன், கைதவறி விழுந்த அப்புஸ்தகத்தை எடுத்து, நம் வழக்கப்படி கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்நிறத்தைப்பற்றி முன்பே படித்திருந்தபடியால், நாம் பதறி அவனை முகம் கழுவச் சொன்னோம்.

19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் புஸ்தகத் துணிக்கும் சுவர்க் காகிதத்துக்கும் துணிப்பூவுக்கும் ஏற்றிய மரகதப் பச்சை, செம்பும் பாஷாணமும் கூடிய சாயம். ‘பாரிஸ் பச்சை’ என்ற பெயரில், மலேரியாக் கொசுவின் புழுக்களைக் கொல்ல நம் நாட்டு நீர்நிலைகளில் தூவியதும் அதுவே. அமெரிக்காவில் டெலாவேரிலுள்ள விண்டர்தூர் காட்சிசாலையார் 2019-இல் இத்தகைய நூல்களைத் தேடிக் கணக்கெடுக்கத் தொடங்கினர். 2024-இல் பிரான்ஸ் தேசிய நூல்நிலையம் நான்கு நூல்களை வாசகர் கைக்கு எட்டாமல் விலக்கி வைத்தது.

நம்மவர்க்கும் இது முற்றும் புதிதன்று. பூச்சி அரிக்காதிருக்க ஏட்டுக் காகிதத்தில் அரிதாரம் பூசும் வழக்கம் இந்நாட்டில் முன்பே உண்டு. கூத்தர் முகப்பூச்சுக்குப் பெயர் தந்த அந்த மஞ்சள் அரிதாரமும் பாஷாண வகையே. பிற்காலத்தில் டி.டி.டி. பொடி வந்தது; அதைத் தாராளமாய்த் தூவிய அலமாரிகள் எத்தனை! வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை, கர்ப்பூரம் இவற்றைத் துணியில் முடிந்து வைத்த தஞ்சை சரஸ்வதி மஹால் முறை எவ்வளவோ மேல்.

செய்தி பரவியதும் ஊர்ப் பெரியவர் ஒருவர், “கொளுத்திவிடுங்கள், வாத்தியாரையா!” என்றார். அது கூடவே கூடாது. கொளுத்தினால் பாஷாணம் புகையாகி மூச்சில் ஏறும். அன்றியும், பச்சையெல்லாம் விஷமன்று. எக்ஸ்-ரே கருவியால் சோதித்தாலன்றி உறுதி சொல்ல இயலாது. கறையான் விட்டுவைத்ததே சொற்பம். மிச்சமும் பயத்தால் அடுப்புக்குப் போவதைக் காண நமக்கு மனமில்லை.

ஆகவே கையுறை அணிந்து, புஸ்தகத்தைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு மூடி, ‘தொடாதீர்’ என்று சீட்டு ஒட்டி, மேல்தட்டில் தனியே வைத்தோம். தூசி தட்ட யாரையும் விடவில்லை; ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. பிறகு எல்லோரும் சோப்பிட்டுக் கை கழுவினோம். எச்சில் தொட்டு ஏடு புரட்டும் பழக்கம் நமக்கே இருபது ஆண்டாக உண்டு. அதை விடுவதுதான் எல்லாவற்றினும் கடினமாயிருக்கிறது.

மறுநாள் அம்மாணவன் வந்து, அந்தப் புஸ்தகத்தில் என்ன பாட்டு இருக்கிறதென்று கேட்டான். வேறு பதிப்புத் தேடிப் படித்துச் சொல்வதாக வாக்களித்திருக்கிறோம்.