நாற்காலிக்கு லட்சம், வீட்டுக்கு?

சண்டிகர் என்றதும் லெ கார்புசியே கட்டிய தலைமைச் செயலகமும் ஹைகோர்ட்டும்தான் பலருக்கும் நினைவு வரும். 2016ல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்நகரில் அதைவிடப் பாராட்ட வேண்டியது குமாஸ்தாவும் பியூனும் குடியிருந்த வீடு.

பிரிவினையில் லாகூரை இழந்த பஞ்சாபுக்குத் தலைநகரம் அமைக்க 1950ல் கார்புசியே அழைக்கப்பட்டார். சர்க்கார் ஊழியர் வீடுகளைப் பெரும்பாலும் கவனித்தவர்கள் அவருடைய உறவினர் பியேர் ஜானரேயும், ஆங்கிலேயத் தம்பதியர் மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூவும்தான். முதலமைச்சர் முதல் பியூன் வரை சம்பளப்படி 13 வகை வீடுகள். சம்பளம் பார்த்து குவார்ட்டர்ஸ் ஒதுக்குவது நம்மவர்களுக்குத் தெரியாததா? மந்திரிக்கு யோசித்த அதே மூளைகள் பியூனுக்கும் யோசித்தன என்பதுதான் அங்கே புதுமை.

பியூன் வீட்டில் இரண்டு அறை, சமையலறை, குளிக்க இடம், கக்கூஸ், தாழ்வாரம், முற்றம். சிமெண்டும் இரும்பும் கிடைப்பது அரிதாக இருந்ததால் செங்கல் சுவர். கண்ணாடி விலை அதிகம், வெயிலும் கொடுமை. ஆகவே ஜன்னல் சிறிது. காற்றுக்குச் செங்கல்லிலேயே ஜாலி. சிக்கனத்திலும் ஓர் அழகு! ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. நகரத்தைக் கட்டிய கூலியாட்களுக்கு அந்த 13 வகையில் ஒரு வகைகூட இல்லை. அவர்களுக்குக் குடிசைதான்.

அந்த ஆபீஸ்களில் குமாஸ்தாக்கள் உட்கார்ந்த, ஜானரேயின் பிரம்பு நாற்காலிகள் ஒரு காலத்தில் உடைசல் சாமானாக ஏலம் போயின. பின்னர் வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் விலை போகவே, 2011ல் மத்திய உள்துறை அமைச்சகம் விழித்துக்கொண்டு விற்பனைக்குத் தடை போட்டது. ஜானரே வசித்த 5வது செக்டார் வீடு இப்போது மியூசியம். முதல் 30 செக்டார்களில் தனி வீடுகளை மாடி மாடியாகப் பிரித்து விற்கக் கூடாதென்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. பெரிய வீட்டுக்கு இவ்வளவு காவல். சின்ன வீட்டுக்கு?

குடும்பம் பெருகினால் தாழ்வாரத்தை அடைத்து அறையாக்கத்தான் செய்வார்கள். அதைக் குற்றமென்று சொல்ல யாருக்கும் வாய் இல்லை. ஒழுகும் கூரையைப் பழுதுபார்க்காமல் போட்டு, பிறகு "பழசாகிவிட்டது, இடிக்கலாம்" என்று குறிப்பெழுதுவதுதான் குற்றம். 22வது செக்டாரில் பழைய சிறு வீடுகளில் ஒரு வரிசையையாவது ஒழுங்காகச் செப்பனிட்டு, கடைநிலை ஊழியர்களுக்கே வாடகைக்கு விட வேண்டும். மியூசியமாக்கிப் பூட்டிவிட வேண்டாம்.