எல்லை கடந்தால் முஸாஃபிரா?

மொழி மாறிவிட்டது, கொடி மாறிவிட்டது. ஆகவே தொழுகையையும் சுருக்கிக்கொள்ளலாம் என்றோர் எண்ணம் ஐரோப்பாவில் வாழும் நம்மவர் சிலரிடம் உள்ளது. ஃபிக்ஹு நூல்கள் நாட்டின் எல்லைக்கோட்டைப் பார்ப்பதில்லை, தொலைவையே பார்க்கின்றன.

நவம்பர் முதல் வாரத்தில், வியன்னாவில் வசிக்கும் உறவினருடன் ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராத்திஸ்லாவாவுக்கு ஒரு நாள் சென்றுவந்தபோது இதுவே பேச்சாயிற்று. ரயிலில் ஒரு மணி நேரப் பயணம். 70 கிலோமீட்டரை எட்டாது. கஸ்ருக்கு ஆலிம்கள் கணக்கிடும் தொலைவோ சுமார் 80 கிலோமீட்டர். எனவே நான்கு ரக்அத் நான்காகவே தொழப்பட வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபினர் பயணத்தைக் காரணம் காட்டி ஜம்உ செய்யவும் வழியில்லை. குளிருக்காகக் குஃப்பு அணிந்து மஸஹ் செய்வோருக்கும் ஒரு பகல், ஓர் இரவுதான் தவணை. (மெல்லிய பருத்திக் காலுறை குஃப்பு ஆகாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.)

அப்பருவத்தில் பகல் மிகக் குறுகியது. முற்பகல் பதினொன்றரைக்குப் பின் லுஹர், இரண்டு மணியளவில் அஸர், நாலரைக்குள் மஃரிப். கோட்டையையும் நீல தேவாலயத்தையும் பார்த்து முடிப்பதற்குள் இரண்டு வக்துகள் கடந்துவிடும். சாக்கடைத் துளையிலிருந்து தலைநீட்டும் தொழிலாளி சிலையருகே படமெடுக்கக் காத்திருக்க நேரம் கிடைக்கிறது. தொழத்தான் “இங்கே பள்ளிவாசல் இல்லையே” என்கிறோம்.

பள்ளிவாசல் இல்லை என்பது உண்மையே. ஆஸ்திரியா 1912இலேயே இஸ்லாத்தைச் சட்டப்படி அங்கீகரித்தது; வியன்னாவில் தன்யூப் நதியருகே 1979 முதல் மினாரா நிற்கிறது. அதே நதி பாயும் பிராத்திஸ்லாவாவில் தொழுகைக்கூடம் உண்டு, மினாரா கிடையாது. 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஒரு மதம் அங்கீகாரம் பெற 50,000 உறுப்பினர்கள் வேண்டும்; முன்னர் 20,000 போதுமானதாக இருந்தது. 2021 கணக்கெடுப்பில் அங்கு முஸ்லிம் எனப் பதிந்தோர் நாலாயிரத்தையும் எட்டவில்லை. அங்கீகாரமின்றி அரசுப் பள்ளிகளில் மார்க்கக் கல்வி இல்லை. இமாம் நடத்தும் நிக்காஹுக்குச் சட்டத் தகுதியும் இல்லை. இது அநீதி என்றே கருதுகிறேன். மதரஸாவில் கற்பிக்கும் எனக்கு முதலாவது தடையே அதிகம் வலிக்கிறது.

ஆயினும் அச்சட்டம் அங்கு வாழும் சகோதரர்களின் சுமை. ஒரு நாள் வந்துபோகும் நமக்கு அது சாக்காகாது. பூமி முழுவதும் இந்த உம்மத்துக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டுள்ளது. நதிக்கரைப் புல்வெளியில் மேலங்கியை விரித்து, தென்கிழக்கு நோக்கி நின்றோம். காற்று காதை அறுத்தது, எவரும் தடுக்கவில்லை. ஒரு மூதாட்டி தம் நாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு விலகிச் சென்றார்.

இத்தகைய பயணம் புறப்படுவோர் வீட்டிலேயே உளூச் செய்து, குஃப்பு அணிந்து, வக்து நேரங்களைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகு ரயில் சீட்டு எடுக்கட்டும்.