சாம்பலைப் புதைக்கத்தான் வேண்டுமா?

திருநீற்றுப் புதனன்று நம் நெற்றியில் இடும் சாம்பல் ஒரு சிட்டிகைதான். என் சித்தி வீட்டிலோ ஆடிக் காற்று வீசினால் கொடியில் காயும் துணி, மூடாத குடம், திண்ணை எங்கும் சாம்பல். அருகே அனல் மின் நிலையம் இருக்கிறது. நம் நாட்டு நிலக்கரி 100 டன் எரிந்தால் 30 முதல் 40 டன் வரை சாம்பல் மிஞ்சுகிறது. மின்விளக்கின் கீழ் அமர்ந்து படிக்கும் நமக்கு அந்தக் குவியலில் பங்கில்லையா?

இந்தச் சாம்பலிலிருந்து கட்டடத்துக்கு வேண்டிய ஜல்லி செய்யலாம். புகையிலிருந்து பிடித்தெடுத்த நுண்சாம்பலைச் சாய்ந்து சுழலும் அகன்ற தட்டில் இட்டு நீர் தெளித்தால், பாட்டி உருட்டும் சீடையைப் போல உருண்டைகள் திரளும். அவற்றை 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டால் துகள்கள் ஒட்டிக் கல்லாக இறுகும். சாம்பலில் எரியாமல் எஞ்சிய கரியே சூளைக்கு ஓரளவு எரிபொருளாகிவிடுகிறது! உள்ளே நுண்துளைகள் நிறைந்திருப்பதால் இக்கல் எடை குறைவு. சாதாரணக் கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2,400 கிலோ. இந்த ஜல்லி கலந்தது சுமார் 1,900 கிலோ. தூணுக்கும் அஸ்திவாரத்துக்கும் அவ்வளவு பாரம் குறையும். இங்கிலாந்தில் 1960-களிலேயே இதைச் செய்து விற்றார்கள்.

எடை குறைந்த கல் என்றால் உறுதி குறைவு என்று எண்ண வேண்டாம். ரோமாபுரியில் இன்று கன்னி மரியாளின் ஆலயமாக விளங்கும் பாந்தியனின் குவிமாடத்து உச்சியில், பாரம் குறைய வேண்டுமென்றே எரிமலை நுரைக்கல்லைக் கலந்து கட்டினார்கள். ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக அது நிற்கிறது.

கட்டட வேலை பார்க்கும் என் மாமா, "இது தண்ணீரை உறிஞ்சும், கருங்கல் ஜல்லிதான் மலிவு" என்று சிரிக்கிறார். உறிஞ்சுவது உண்மை, முன்னதாகவே நனைத்துக் கலந்தால் அந்தத் தொல்லை இல்லை. சூளைக்குச் செலவாகும் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஜல்லிக்காக உடைபட்டுக் குழியாகிப்போன குன்றின் விலையை மாமா எந்தக் கணக்கில் எழுதுவார்?

2021 டிசம்பர் 31-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, அனல் மின் நிலையச் சாம்பல் முழுவதையும் பயன்படுத்தியாக வேண்டும் என்றது. நல்லதே. ஆனால் செங்கல், சிமெண்ட், ஜல்லி ஆகியவற்றோடு, தாழ்ந்த நிலத்தை மேடாக்குவதையும் பழைய சுரங்கத்தை நிரப்புவதையும்கூட அது பயன்பாடு என்றே கொண்டது. குழியில் கொட்டுவதும் கல்லாக்குவதும் ஒன்றா? என்னால் ஒப்ப முடியவில்லை. அரசு கட்டும் பள்ளிகளின் மேல்மாடிகளுக்காவது இந்த ஜல்லியைக் கட்டாயமாக்கட்டும். வாங்குவார் உண்டென்றால் செய்வாரும் முன்வருவர். அனல் மின் நிலையங்களை அடுத்துள்ள ஊர்களிலேயே தொடங்கலாம். லாரி வாடகையும் மிச்சம்.