படிக்கட்டா பக்தி?

ஆன்மாவே பிரம்மம் என்று உபநிடதம் சொல்லிவிட்ட பிறகு கும்பிடு எதற்கு, பக்தி ஞானம் எட்டாதவர்களுக்கான படிக்கட்டுதானே என்கிறார்கள். கேட்க எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் சாட்சிக்கு அழைக்கும் கீதையே மாற்றிச் சொல்கிறது. அருவத்தை நாடுபவரா, அன்பால் வழிபடுபவரா, யார் சிறந்தவர் என்று 12ஆம் அத்தியாயத் தொடக்கத்தில் அர்ச்சுனன் நேராகவே கேட்கிறான். கண்ணன் பின்னவரைச் சொல்கிறான். உடலெடுத்தவருக்கு அருவ வழி கடினம் என்பதால் தந்த சலுகை அது என்று மறுக்கலாம். அப்படியானால் 7ஆம் அத்தியாயத்தை என்ன செய்வது? அங்கே ஞானியும் நால்வகைப் பக்தர்களில் ஒருவன்தான். அவனுடைய சிறப்பில் ஒருமுகப்பட்ட பக்திக்கும் பங்குண்டு. மெய்கண்டாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதமோ 12 நூற்பாக்களில் கடைசியை, ஆன்மாவைப் பிணித்த மலம் நீங்கியவர் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனாகத் தொழுவதற்கே ஒதுக்குகிறது. ஏறி முடித்தவரும் தொழுவதைப் படிக்கட்டு என்பது எப்படி?

சைவ சித்தாந்தம் வேறு கட்சி, ஆன்மாவே பிரம்மம் என்னும் அத்வைதத்துக்குப் பொருந்தாது என்பார்கள். சரி, கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துச் சித்தூருக்கு வருவோம். அங்கே சோகநாசினி ஆற்றங்கரையில், மலையாளக் கவிஞர் எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் குருமடம் இருக்கிறது. அவர் மலையாளத்தில் பாடிய அத்யாத்ம ராமாயணம் அத்வைதம் பேசும் நூல். ராமன் அதில் பரப்பிரம்மம். அந்த நூல்தான் துதிகளால் நிறைந்திருக்கிறது, மலையாளக் கர்க்கடக மாதம் முழுக்க வீடுகளில் விளக்கேற்றி வாசிக்கவும்படுகிறது.