காற்றின்மேல் பழி போடாதீர்கள்!

இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்



ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மிக்கே அந்தக் கதி என்றால், இன்ஜினே இல்லாத கிளைடர் என்ன பாடுபடும்? பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேல்காற்று ஒரே சீராக வீசாது. விட்டுவிட்டு, முட்டிமுட்டி வீசும். அப்படிப்பட்ட காற்றில் இறங்கும்போது கிளைடர் விழுந்தால், "பலத்த காற்று" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவது சுலபம். அது காரணமல்ல, சாக்கு என்பது என் கட்சி.

கொள்ளிடத்தில் தண்ணீர் இழுக்கும்போது ஓடக்காரர் எதிர்த்துறைக்கு நேராக ஓடத்தை விடமாட்டார்; மேற்கே தள்ளிப் பிடிப்பார். கிளைடரும் அப்படித்தான். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் இறங்கும்போது பக்கத்திலிருந்து 25 கி.மீ. காற்று அடித்தால், மூக்கைச் சுமார் 16 டிகிரி காற்றுப் பக்கம் திருப்ப வேண்டும். (சந்தேகமிருந்தால் கால்குலேட்டரில் சைன் போட்டுப் பாருங்கள்.) தரையைத் தொடும் நொடியில் மூக்கை நேராக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு முட்டல்! காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்கு. நீண்ட இறக்கையின் நுனி மண்ணில் உரசினால் போதும், ராட்டினம் மாதிரி சுற்றிவிடும்.

2008 மார்ச் 1-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஓர் ஏர்பஸ் விமானத்துக்கே இப்படி இறக்கை நுனி ஓடுபாதையில் உரசியது. இன்ஜின் இருந்ததால் மறுபடி மேலே ஏறி, வேறு ஓடுபாதையில் பத்திரமாக இறங்கியது. நம்ம தஞ்சாவூர்த் தளத்து சுகோய்க்கும் அந்த வசதி உண்டு. கிளைடருக்கு ஒரே ஒரு வாய்ப்புதான்.

ஜெர்மானிய இன்ஜினியர் லிலியன்தால் உடலை அசைத்தே கிளைடரைத் திருப்பியவர். சுமார் 2000 தடவை பறந்தவரை 1896 ஆகஸ்ட் 9-ல் காற்று கவிழ்த்தது, மறுநாள் இறந்தார். அந்தச் செய்தியைப் படித்த ரைட் சகோதரர்கள் பறப்பதைப் பற்றித் தீவிரமாக யோசிக்க ஆரம்பித்தார்கள். கல்லூரி வாசலை மிதிக்காத சைக்கிள் கடைக்காரர்கள்! 1902-ல் அவர்களுடைய கிளைடர் திரும்பும்போது, தாழ்ந்த இறக்கை சில சமயம் மணலில் போய்க் குத்தியது. அதற்குக் "கிணறு வெட்டுவது" என்று கேலியாகப் பேர் வைத்தார்கள். பழியைக் காற்றின்மேல் போடவில்லை. அசையாமல் இருந்த வால் சுக்கானை அசையும்படி மாற்றினார்கள்.

2024 ஜூன் 23-ல் சித்ரதுர்காவில் இஸ்ரோவின் புஷ்பக் இறங்கியதும் இன்ஜின் இல்லாமல்தான், விமானியும் கிடையாது. 4.5 கி.மீ. உயரத்தில், ஓடுபாதைக்கு நேராக இல்லாமல் 500 மீட்டர் பக்கவாட்டில் தள்ளி ஹெலிகாப்டரிலிருந்து விட்டார்கள். மார்ச் சோதனையில் இது 150 மீட்டர்தான். காற்றும் இந்தத் தடவை கடுமை. தானே திருத்திக்கொண்டு மணிக்கு 320 கி.மீ.க்கு மேல் வேகத்தில் தரை தொட்டது. பிறகு பாதை விலகாமல் ஓட உதவியது மூக்குச் சக்கரமும், அதே வால் சுக்கானும்!

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கிளைடர் தெரியாது. ஆனால் சம்பா சாய்ந்து கிடந்தால், "காத்து மேல என்னடா தப்பு? யூரியாவ அள்ளிக் கொட்டுனா தண்டு நிக்குமா?" என்பார்.

நம்ம லேபுக்கு வருவோம். ரீடிங் சரியாக வராவிட்டால் "மிஷின் சரியில்லை". ரெக்கார்டு நோட்டில் அத்தனை பேருக்கும் ஒரே விடை! தவறிய ரீடிங் ஏன் தவறியது என்று எழுத ஒரு பக்கமாவது உண்டா? ரைட் சகோதரர்கள் இப்படி ரெக்கார்டு எழுதியிருந்தால் இன்னமும் கிணறுதான் வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை. வரும் ஆடியில் நம்ம மைதானத்தில் மாதிரி கிளைடர் போட்டி வையுங்கள். தெர்மகோலும் மூங்கில் குச்சியும் போதும். காற்றுக்குக் குறுக்கேதான் விட வேண்டும். நேராக இறக்கியவருக்கு ஒரு பரிசு. விழுந்தது ஏன் என்று படம் போட்டு எழுதியவருக்கு அதைவிடப் பெரிய பரிசு. பணத்துக்கு ஆண்டு விழாவில் இரண்டு பேனரைக் குறைத்தால் போயிற்று.