‘ஆல்’ ஒன்று, ஆங்கிலத்தில் மூன்று!

காஞ்சீபுரம் பட்டுச் சேலையை வெளிநாட்டினரும் விரும்பி வாங்குகிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலத்தில் விவரம் எழுதவேண்டியிருக்கிறது. அதில் ஒரு சிறு சொல் பிசகினால், பொருளே மாறிவிடும்.

‘சேலை பட்டால் ஆனது, நெசவாளரால் நெய்யப்பட்டது, நூல் கத்தரியால் வெட்டப்பட்டது.’ தமிழில் மூன்று இடத்திலும் ‘ஆல்’ என்ற ஒரே வேற்றுமை உருபுதான். ஆங்கிலத்தில் அப்படி அல்ல. பொருளுக்கு ‘ஆஃப்’, ஆளுக்கு ‘பை’, கருவிக்கு ‘வித்’. ‘மேட் பை சில்க்’ என்று எழுதினால், பட்டே தறியில் உட்கார்ந்து சேலை நெய்ததாக ஆகிவிடும்!

வினைச்சொல்லும் இப்படித்தான். தமிழில் ஆர்டர் ‘போடு’கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ‘புட்’ அல்ல, ‘பிளேஸ்’. விலையைப் பற்றிப் பேச ‘டிஸ்கஸ்’ என்றாலே போதும். பின்னால் ‘அபவுட்’ வேண்டாம்.

இந்தப் பிழைகளைக் கண்டு சிரிப்பது தவறு. இவை அறிவுக் குறைவால் வருவன அல்ல. தமிழை அப்படியே ஆங்கிலத்தில் எழுதுவதால் வருபவை.

இதற்கு வழி என்ன? கோர்வைச் சேலையில் கரையும் உடலும் பிணைத்தே நெய்யப்படுகின்றன. அதுபோல, வினையையும் அதனுடன் வரும் சிறு சொல்லையும் சேர்த்தே படிக்கவேண்டும். பள்ளிகளில் தனிச் சொற்களை உருப்போட வைத்தால் போதாது. முழு வாக்கியமாகப் பேசவும் எழுதவும் பழக்கவேண்டும்.

காஞ்சீபுரத்தில் 1909-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் அண்ணா. 1962-ல் அவர் மாநிலங்களவையில் ஆங்கிலத்தில் பேசியபோது, டெல்லி காது கொடுத்துக் கேட்டது. தறி வசப்பட்ட ஊருக்கு, இந்த மொழியும் வசப்படும்!